சூத்திரத்துக்கு முன்னால் நாலு கோடு

நேயர்களுக்கு வணக்கம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாம் மனக்கணக்காகவே போடக்கூடிய எண்கள்தான். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பதை இன்றைக்கு 10 என்று வைத்துக்கொள்வோம்.

பதினொன்றாம் வகுப்பு இயக்கவியலில் விடை தப்பிப்போன கணக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள். சூத்திரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு இரண்டு வரி முன்னாலேயே சறுக்கியிருப்பார்கள். எந்தப் பொருளுக்காக எழுதுகிறோம், எந்தத் திசை கூட்டல், எந்த விசையை எது கொடுக்கிறது என்று முடிவு செய்யாமலே எண்களை உள்ளே போட்டிருப்பார்கள். அந்த முடிவுகளை எப்படி எடுப்பது என்பதைச் சில கணக்குகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எளிய ஒன்று. 25 மீட்டர் உயரக் கோபுரத்தின் விளிம்பில் நின்று ஒரு கல்லை நேர் மேலே வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். எத்தனை வினாடியில் தரையைத் தொடும்? பலர் இதை மூன்று துண்டாக வெட்டுவார்கள்: மேலே போகும் நேரம், கையளவுக்குத் திரும்பும் நேரம், அங்கிருந்து கீழே விழும் நேரம். விடை வரும், ஆனால் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. கை இருக்கும் இடம் பூச்சியம், மேல்நோக்கு கூட்டல் என்று தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். தொடக்க வேகம் கூட்டல் 20. முடுக்கம் கழித்தல் 10, கல் ஏறும்போதும் அதுவே, இறங்கும்போதும் அதுவே. தரை கழித்தல் 25-இல் இருக்கிறது. நேரத்தை டி என்று வைத்துச் சமன்பாட்டைச் சுருக்கினால் டி வர்க்கம் கழித்தல் 4 டி கழித்தல் 5 சமம் பூச்சியம். டி 5 வினாடி, அல்லது கழித்தல் 1 வினாடி.

தரைக்குக் கூட்டல் 25 போட்டவர்களுக்கு வர்க்கமூலத்துக்குள் கழித்தல் 4 வந்து நிற்கும். பதறி அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். இந்தக் கல் கைக்கு மேல் 20 மீட்டர்தான் ஏறும். 25 மீட்டர் மேலே எப்போது இருக்கும் என்று கேட்டால், ஒருபோதும் இருக்காது என்றுதான் கணிதம் சொல்லும். குறியைப் போய்ப் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

அந்தக் கழித்தல் 1 வினாடியையும் குப்பையில் போட வேண்டாம். ஒரு வினாடி முன்னால் தரையிலிருந்து வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் யாராவது இந்தக் கல்லை எறிந்திருந்தால், சரியாக நம் கையைக் கடக்கும்போது அதன் வேகம் 20 ஆக இருக்கும். சமன்பாட்டுக்குக் கையும் தெரியாது, கோபுரமும் தெரியாது. நாம் கேட்ட பாதையின் முன்பகுதியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

அடுத்தது உராய்வு. மதிப்பெண் அதிகம் கரைகிற இடம் இதுதான். 10 கிலோ பெட்டி சமதரையில் இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.4. பக்கவாட்டில் 25 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு? குணகம் பெருக்கல் செங்குத்து விசை (தரை பெட்டியைத் தாங்குகிற விசை), அதாவது 0.4 பெருக்கல் 100, ஆகவே 40 நியூட்டன் என்று கை தானாக எழுதிவிடும். அதை ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? 25-இல் 40 போனால் கழித்தல் 15. பெட்டி நம்மை நோக்கி முடுக்கத்தோடு ஓடிவர வேண்டும்! முன்பக்கம் தள்ளினால் முகத்தில் வந்து இடிக்கிற பெட்டியை யார் பார்த்திருக்கிறார்கள்?

40 என்பது நிலை உராய்வின் உச்சவரம்பு. அதுவரைக்கும் உராய்வு நாம் தள்ளுகிற அளவுக்குத்தான் எதிர்த்து நிற்கும். 25-ஆல் தள்ளினால் 25, ஒன்றும் செய்யாவிட்டால் பூச்சியம். ஆகவே உராய்வு வரும் கணக்கில் பொருள் நகர்கிறதா நிற்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தெரியாவிட்டால் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, நிற்க எவ்வளவு உராய்வு வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். வரம்புக்குள் வந்தால் கணக்கு முடிந்தது. தாண்டினால் பெட்டி நழுவுகிறது. அப்போது இயக்க உராய்வுக் குணகத்தை எடுங்கள்.

இன்னொரு பள்ளம், செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்ற எண்ணம். அதே 10 கிலோ பெட்டியைக் கயிறு கட்டி, தரையிலிருந்து 37 பாகை மேல்நோக்கி 50 நியூட்டனால் இழுத்துக்கொண்டு போகிறோம். இயக்க உராய்வுக் குணகம் 0.3. இழுப்பின் கிடைப்பகுதி 40, மேல்நோக்கிய பகுதி 30. கயிறே 30 நியூட்டனைத் தாங்கிவிட்டதால் தரை தாங்க வேண்டியது 70 மட்டும். உராய்வு 21. முடுக்கம் 40-இல் 21 போக 19, அதைப் பத்தால் வகுத்தால் 1.9. செங்குத்து விசையை 100 என்று போட்டவருக்கு முடுக்கம் 1 வரும். ஏறக்குறையப் பாதி. கனமான பொருளை அழுத்தித் தள்ளுவதைவிடச் சற்றே மேல்நோக்கி இழுப்பது சுலபமாக இருப்பதும் இதனால்தான்.

இனி சுழற்சி. கிணற்றின் மேல் கைப்பிடி வைத்துச் சுற்றும் ஒரு திண்ணிய மர உருளை. நிறை 20 கிலோ, ஆரம் 10 சென்டிமீட்டர். அதில் சுற்றிய கயிற்றின் முனையில் தண்ணீரோடு 10 கிலோ வாளி. கைப்பிடி நழுவிவிட்டது. வாளி என்ன முடுக்கத்தில் விழும்? கயிற்றின் எடை, அச்சின் உராய்வு, கைப்பிடியின் நிறை மூன்றையும் விட்டுவிடுவோம்.

வழக்கமான தப்பு இப்படி நடக்கும். வாளியின் எடை 100 நியூட்டன், ஆகவே கயிற்றின் இழுவிசை 100, அதை ஆரத்தால் பெருக்கினால் திருப்பு விசை. உருளையின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சிக்கு அது காட்டும் தயக்கத்தின் அளவு, அரை எம் ஆர் வர்க்கம் (எம் நிறை, ஆர் ஆரம்). வகுத்தால் கோண முடுக்கம், அதிலிருந்து வாளியின் முடுக்கம் 10. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் 10 என்ன சொல்கிறது? வாளி தடையின்றி விழுகிறது என்கிறது. தடையின்றி விழும் வாளியைக் கயிறு இழுத்துப் பிடிக்கவே இல்லை என்றாகும், இழுவிசை பூச்சியம். நாமோ இழுவிசையை 100 என்று எடுத்துத் தொடங்கினோம். 100 நியூட்டன் எடையை 100 நியூட்டன் கயிறு தாங்கினால் வாளிக்கு முடுக்கமே இருக்கக்கூடாது. ஒரே வாளி, மூன்று விதமான பேச்சு.

சரி செய்ய, தாளில் இரண்டு படம் தனித்தனியாக வரையுங்கள். முதல் படத்தில் வாளி மட்டும். கீழே 100, மேலே இழுவிசை டி. வாளி கீழே போகிறது, ஆகவே கீழ்நோக்கு கூட்டல்: 100 கழித்தல் டி சமம் 10 ஏ, ஏ என்பது வாளியின் முடுக்கம். இரண்டாவது படத்தில் உருளை மட்டும். அதன் விளிம்பில் இழுவிசை டி. வாளியின் எடை உருளையின் படத்தில் வரவே கூடாது, உருளையைத் தொடுவது கயிறுதான். டி பெருக்கல் ஆரம் சமம் நிலைமத் திருப்புத்திறன் பெருக்கல் கோண முடுக்கம். கயிறு வழுக்காமல் அவிழ்வதால் கோண முடுக்கம் பெருக்கல் ஆரம் வாளியின் முடுக்கம். போட்டுப் பார்த்தால் ஆரம் அடிபட்டுப் போய், டி சமம் உருளை நிறையில் பாதி பெருக்கல் ஏ, அதாவது 10 ஏ. முதல் சமன்பாட்டில் வைத்தால் 100 சமம் 20 ஏ. முடுக்கம் 5, இழுவிசை 50 நியூட்டன்.

விடை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள், ஆற்றலை வைத்து ஒரு முறை சரிபாருங்கள். வாளி 10 மீட்டர் இறங்கினால் இழக்கும் நிலை ஆற்றல் 1000 ஜூல். முடுக்கம் 5 என்றால் அங்கே வேகம் வினாடிக்கு 10 மீட்டர். வாளியின் இயக்க ஆற்றல் 500 ஜூல். உருளையின் சுழற்சி ஆற்றல், கால் பங்கு எம் வி வர்க்கம், அதுவும் 500. கூட்டினால் 1000. காசு கணக்கு சரியாகிவிட்டது. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. தேர்வு அறையில் இந்த அரை நிமிடத்தைக் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள்தான் அதிகம்.

ஆரம் அடிபட்டுப் போனது என்றேனே, கைப்பிடி சுற்றும் வேகத்தில் அப்படி அடிபடாது. அந்த 10 மீட்டர் இறங்கி வாளி தண்ணீரைத் தொடும்போது உருளை வினாடிக்கு 100 ரேடியன், ஏறக்குறைய 16 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் போகக்கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

ஆற்றலை வைத்துச் சரிபார்க்கலாம் என்றதும் எல்லாக் கணக்கையும் ஆற்றலிலேயே முடித்துவிடத் தோன்றும். வேகமும் உயரமும் மட்டும் கேட்டிருந்தால் அது நல்ல குறுக்குவழிதான். மோதல் நடுவில் வந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். 10 கிராம் துப்பாக்கிக் குண்டு, கயிற்றில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டையில் பாய்ந்து உள்ளேயே தங்குகிறது. கட்டை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. குண்டின் வேகம் என்ன? குண்டுகளின் வேகத்தை அளக்க இங்கிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் விவரித்த ஊசல் இதே ஏற்பாடுதான்.

ஆற்றல் முழுதும் மாறாமல் மிஞ்சும் என்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே இழுப்பாக இழுத்தால், கடைசியில் 4 ஜூல், ஆகவே குண்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 28 மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் போகும் கார் குண்டைத் தொட்டுவிடும். கணக்கை இரண்டாக உடைத்தால்தான் வழி. கட்டை மேலே எழும்பும் கட்டத்தில் ஆற்றல் மிஞ்சும்: 20 சென்டிமீட்டர் ஏற, தொடக்கத்தில் வேகம் 2 வேண்டும். குண்டு பாய்கிற அந்தக் கணப்பொழுதில் உந்தம், அதாவது நிறை பெருக்கல் வேகம், மாறாமல் மிஞ்சும்: 2 கிலோ பெருக்கல் 2 சமம் 0.01 பெருக்கல் குண்டின் வேகம். வினாடிக்கு 400 மீட்டர். இப்போது ஆற்றலைப் பாருங்கள். குண்டு கொண்டுவந்தது 800 ஜூல், கட்டை எழும்பப் பயன்பட்டது 4 ஜூல். மீதி 796 ஜூலும் மரத்தைக் கிழிப்பதிலும் சூடாக்குவதிலும் போய்விட்டன. இடைவெளி இத்தனை பெரிதாக இருப்பதால்தான் தப்பான விடை பக்கத்தில்கூட வரவில்லை.

உருளும் பொருள்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 30 பாகைச் சாய்தளத்தில் உராய்வில்லாமல் நழுவும் கட்டைக்கு முடுக்கம் 5. வழுக்காமல் உருளும் திண்ணிய கோளத்துக்கு அதில் ஏழில் ஐந்து பங்கு, வளையத்துக்குச் சரிபாதி. நிறையும் ஆரமும் எவ்வளவாக இருந்தாலும் இதே விகிதம்தான். கோலிக்குண்டையும் வளையலையும் சாய்த்த பலகையில் ஒன்றாக விட்டால் கோலிதான் முந்தும். இங்கே உராய்வுக்குக் குணகம் பெருக்கல் செங்குத்து விசை என்று எழுதினால் கணக்கு கெட்டது. வழுக்காமல் உருளும்போது தொடுகிற புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது, ஆகவே அது நிலை உராய்வு, அளவைக் கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியாக வீட்டில் செய்து பார்க்க ஒன்று. தையல் மெஷின் பாபினில் பாதி நூல் சுற்றியிருக்கட்டும். மேசையில் உருளும்படி நிறுத்தி, நூல் அடிப்பக்கமாக உங்களை நோக்கி வரும்படி வைத்து, மேசையோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். நூல் அவிழ்ந்து பாபின் விலகி ஓடும் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது நூலைச் சுற்றிக்கொண்டே உங்களை நோக்கி வரும். அப்படியே இழுத்துக்கொண்டு கையை உயர்த்துங்கள். ஒரு கோணத்துக்கு மேல் திரும்பி ஓட ஆரம்பிக்கும்.

மையத்தைச் சுற்றித் திருப்பு விசை எழுதப் போனால் உராய்வு எந்தப் பக்கம் என்று முதலில் திண்டாட வேண்டியிருக்கும். பாபின் மேசையைத் தொடும் புள்ளியைச் சுற்றி எழுதுங்கள். எடை, செங்குத்து விசை, உராய்வு மூன்றும் அந்தப் புள்ளி வழியாகவே போவதால் மூன்றும் விழுந்துவிடும், நூல் மட்டும் மிஞ்சும். நூலின் கோட்டைப் பின்பக்கமாக மேசைவரை நீட்டிப் பாருங்கள். தொடுபுள்ளிக்கு அப்பால் விழுந்தால் பாபின் உங்களை நோக்கி வரும், தொடுபுள்ளிக்கு உங்கள் பக்கமாக விழுந்தால் விலகி ஓடும். நூல் சுற்றிய பகுதியின் ஆரம் வெளிவிளிம்பின் ஆரத்தில் பாதியாக இருந்தால் அந்தக் கோணம் 60 பாகை. அந்தக் கோணத்திலேயே பிடித்துச் சற்று பலமாக இழுத்தால் பாபின் எந்தப் பக்கமும் உருளாது, நட்டுவைத்தாற்போல் மேசையில் இழுபட்டுக்கொண்டே வரும். வணக்கம்.