சூரியனும் வீடும்: மட்டக்களப்பில் கூட்டணியின் கணக்கு

[திரையில்: 1977, மட்டக்களப்புத் தொகுதி. சூரியன், யானை, வீடு]

வணக்கம். இந்த மூன்று சின்னங்களில் சூரியனும் வீடும் ஒரே அணி. தமிழர் விடுதலைக் கூட்டணியின் சூரியனில் செ. இராசதுரை. கூட்டணிக்குள் இருந்த தமிழரசுக் கட்சியின் வீட்டில் காசி ஆனந்தன். ஐக்கிய தேசியக் கட்சியின் (யூ.என்.பி.) யானையில் பரீத் மீராலெப்பை.

மட்டக்களப்பு அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒருவருக்கு இரண்டு வாக்கு. இருவருக்குப் பிரித்துப் போடலாம், இரண்டையும் ஒரே ஆளுக்கும் போடலாம். தமிழருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று கிடைக்கட்டும் என்று வகுத்த தொகுதி அது. அங்கே கூட்டணி இருவரை இறக்கியது. 1956இலிருந்து அசையாத இராசதுரையோ, தன்னை வெட்டத்தான் தலைமை இதைச் செய்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

[திரையில்: சூரியன் 26 ஆயிரம், யானை 25 ஆயிரம், வீடு 22 ஆயிரம், மூன்றிலும் சொச்சம்]

இராசதுரையும் மீராலெப்பையும் தெரிவு. காசி ஆனந்தன் மூன்றாவது. ஆளையாள் வெட்டியதால்தான் இரண்டாவது ஆசனம் போனது என்று இன்றும் சொல்வார்கள். கூட்டிப் பாருங்கள். தமிழர் இருவருக்கும் சேர்த்து 49 ஆயிரம் அளவில். சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு இருபத்து நாலரை. அப்படி நடந்திருந்தால் யானைதான் முதலாவது! ஆக, ஆசனம் வெட்டில் போகவில்லை. வெட்டில் போனது இராசதுரை.

1976 மேயில் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்த கட்சிக்கு, அடுத்த வருடமே 18 ஆசனம். சுதந்திரக் கட்சி 8க்குச் சுருங்கியதால் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆனால் அந்த 18இல் 14 வடக்கு, கிழக்கு வெறும் 4: திருகோணமலை, மட்டக்களப்பு, பட்டிருப்பு, பொத்துவில். பொத்துவில் கனகரத்தினம் வருடம் முடியுமுன் அரசாங்கப் பக்கம் போனார். 1978இல் சுடப்பட்டார், 1980இல் இறந்தார். 1979இல் இராசதுரையும் யூ.என்.பி.யில் சேர்ந்து அமைச்சரானார். இரண்டே வருடத்தில் கிழக்கில் பாதி காலி. 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் பிறந்தது. 1977இல் கூட்டணி மேடையில் நின்ற அஷ்ரப்தான் பின்னாளில் அதன் தலைவர்.

1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம். தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும். கூட்டணியினர் செய்யவில்லை, ஆசனங்கள் பறிபோயின.

1989இல் முறையே வேறு. மாவட்டப் பட்டியலுக்கு வாக்கு, பிறகு ஆளுக்கு விருப்பு வாக்கு. அமிர்தலிங்கம் மட்டக்களப்புக்கு வந்து நின்றார். சூரியன் பட்டியலுக்கு 3 ஆசனம் கிடைத்தும் விருப்பு வாக்கில் பின்தங்கித் தோற்றார். சின்னத்தைத் தந்தது அவர் கட்சி, வென்றது அதே பட்டியலில் நின்ற ஈ.பி.ஆர்.எல்.எஃப்., டெலோ இயக்கங்களின் ஆட்கள். அவர் கட்சி நியமிக்கும் தேசியப் பட்டியலால் உள்ளே போனார். அந்த யூலையில் கொழும்பில் கொல்லப்பட்டார்.

விசித்திரம் என்னவென்றால், 1994இல் நாடு முழுக்கக் கூட்டணி எடுத்த 5 ஆசனங்களில் 3 மட்டக்களப்பினுடையவை. கட்சிக்கு அப்போது உயிர் கொடுத்தது கிழக்கு.

2001இல் தமிழ்க் கட்சிகள் பல சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் சூரியனில்தான் கேட்டது. பின்னர் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரியோடு பிணக்கு. கட்சியும் சின்னமும் அவரிடம் நிற்க, மற்றவர்கள் தூசு தட்டி எடுத்தது தமிழரசின் வீட்டை. 2004இல் கூட்டமைப்புக்கு 22 ஆசனம். மட்டக்களப்பில் ஐந்தில் நான்கு, 1977இல் மூன்றாவதாக வந்த அதே சின்னத்தில்.