வீட்டுக்கு சைக்கிள் ரிப்பேர் ஸ்டாண்டு: வாங்கறதுக்கு முன்னாடி சீட் போஸ்ட்டைப் பாருங்க

[காட்சி: வீட்டு வராண்டா. கியர் சைக்கிள் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கிறது. ஒரு கை பெடலைச் சுற்றுகிறது.]

வணக்கம். சைக்கிள்ல ஏதாவது வேலைன்னா வீட்டுல பெரும்பாலும் இப்படித்தான் கவிழ்த்து வைப்போம். பஞ்சர் ஒட்ட இது போதும். கியர் டியூன் பண்ண போதாது. கியர் மாத்தற ஷிஃப்டர் ஹேண்டில்பாருக்கும் தரைக்கும் நடுவுல மாட்டிக்கும், விரலே உள்ள போகாது. கேபிளை இழுக்கற திசை, செயின் ஏறற திசை எல்லாம் தலைகீழாத் தெரியும்.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லை. லீவர்கிட்ட இருக்கற ஆயில் டப்பாவுல சின்னதா காத்து தங்கியிருக்கும். நிமிர்ந்து நிக்கும்போது அது ஒண்ணும் பண்ணாது. கவிழ்த்ததும் அந்தக் குமிழ் மேல ஏறி ஆயில் லைனுக்குள்ள போயிடும். அதுக்கப்புறம் பிரேக் பிடிச்சா லீவர் மெத்துனு உள்ள போகும். அப்படி ஆனா பயப்பட வேண்டாம். சைக்கிளை நிமிர்த்தி வச்சு, லீவரை மெதுவா இருபது தடவை அமுக்கி விடுங்க. பெரும்பாலும் குமிழ் பழைய இடத்துக்கே வந்துடும். அது சரியாகற வரைக்கும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க.

[காட்சி: உத்திரத்தில் இருந்து தொங்கும் இரண்டு சங்கிலிகள். கொக்கிகளில் சீட்டும் ஹேண்டில்பாரும்.]

நம்ம ஊர் சைக்கிள் கடையில இதுக்கு வழி ரொம்ப நாளா இருக்கு. ரெண்டு சங்கிலி, ரெண்டு கொக்கி, முன்னாடி பின்னாடி மாட்டித் தூக்கிடுவாங்க. நல்ல முறைதான். உறுதியான உத்திரம் இருக்கற வீட்டுல தாராளமா செய்யலாம். ஆனா சைக்கிள் கொஞ்சம் ஆடும், அதனால நுணுக்கமான வேலைக்குக் கை நிக்காது. அமெரிக்காவுல செயின்ட் பால் நகரத்துல ரிப்பேர் கடை வச்சிருந்த ஹோவர்ட் ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்ட்ராம்னு ரெண்டு பேர், குனிஞ்சு குனிஞ்சு வேலை பார்க்க முடியாம 1963-ல தங்களுக்குனு ஒரு ஸ்டாண்டு செஞ்சாங்க. சைக்கிள் ரிப்பேர் கருவிகள் செய்யற பார்க் டூல் கம்பெனி அங்கதான் ஆரம்பம். நல்ல ஸ்டாண்டு எதுவா இருந்தாலும் வேலை அதேதான்: ரெண்டு சக்கரமும் தரையை விட்டு மேல, கியர் நம்ம நெஞ்சு உயரத்துல, ரெண்டு கையும் ஃப்ரீ.

[திரையில் எழுத்து: முதல்ல சைக்கிளை அளங்க]

ஸ்டாண்டு படம் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க சைக்கிள்ல எதைப் பிடிச்சுத் தூக்க முடியும்னு பாருங்க. வாங்கிட்டு வந்து மாட்ட முடியலன்னு திருப்பி அனுப்பற கதை எல்லாம் இங்கதான் தொடங்குது.

பிடிக்க வேண்டிய இடம் சீட் போஸ்ட். அதாவது சீட்டுக்குக் கீழ ஃபிரேமுக்குள்ள இறங்கற குழாய். ஸ்டாண்டுல சைக்கிளைக் கவ்விப் பிடிக்கற பகுதிதான் கிளாம்ப், அதோட வாய் பொதுவா 7, 8 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அவ்வளவு நீளம் உங்க போஸ்ட்ல காலியா வெளியே தெரியணும். தெரியலன்னா சீட்டை ஏத்திக்கலாம், ரெண்டு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க. பழைய உயரத்துல ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க. போஸ்ட் குறைந்தபட்சம் எவ்வளவு உள்ள இருக்கணும்னு பொறிச்சிருக்கற கோடு ஃபிரேமுக்கு வெளியே வரக்கூடாது.

[நெருக்கக் காட்சி: சீட் போஸ்ட்டில் டேப் சுற்றுவது. பொறித்த கோடு ஃபிரேமுக்குள் இருப்பது தெரிகிறது.]

போஸ்ட்டோட விட்டம் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர்ல ஏதாவது ஒண்ணா இருக்கலாம், விலை குறைஞ்ச சைக்கிள்ல 25.4-ம் உண்டு. உருண்டையா இருந்தா எல்லா கிளாம்ப்பும் பிடிக்கும். உருண்டையா இல்லாதபோதுதான் கவனம் வேணும். ரோட் சைக்கிள்ல காத்தைக் கிழிக்கற மாதிரி தட்டையா வர்ற ஏரோ போஸ்ட்டை சாதாரண வாய் சரியா கவ்வாது, அதுக்குத் தனி அடாப்டர் வேணும். பட்டன் அமுக்கினா இறங்கற டிராப்பர் போஸ்ட்ல மேல பளபளன்னு இருக்கற பகுதியைப் பிடிக்கவே கூடாது. அதுல கீறல் விழுந்தா உள்ள இருக்கற சீல் போயிடும். கீழ தடிமனா இருக்கற பகுதி வெளியே தெரியற அளவுக்குப் போஸ்ட்டை ஏத்தி, அங்க பிடிங்க. கார்பன் போஸ்ட்டா இருந்தா கழட்டி வச்சுட்டு, அதே விட்டத்துல ஒரு பழைய அலுமினியப் போஸ்ட்டைச் சொருகிப் பிடிக்கறது நிம்மதி.

ஃபிரேமோட மேல் பாரைப் பிடிக்கலாமான்னு நிறைய பேர் கேட்பாங்க. கூடாது. லேசான அலுமினிய ஃபிரேம்கள்ல குழாயோட நடுப்பகுதி சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாவே இருக்கும், கிளாம்ப் இறுகினா நசுங்கும். கார்பன்ல விரிசலே விடும், வெளிய தெரியக்கூடத் தெரியாது.

அடுத்தது எடை. குளியலறைத் தராசுல நீங்க தனியா ஒரு தடவை, சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை நில்லுங்க. வித்தியாசம்தான் சைக்கிள் எடை. சாதாரண கியர் எம்டிபி, அதாவது மவுன்டன் பைக், 14-லருந்து 17 கிலோ வரும். டபுள் ஸ்டாண்டு, கேரியர், ஃபுல் செயின் கவர் வச்ச கருப்பு வண்டி 20 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டோட பெட்டியில போட்டிருக்கற எடை வரம்பு, உங்க சைக்கிள் எடையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். பேட்டரி சைக்கிள் வச்சிருந்தா முதல்ல பேட்டரியைக் கழட்டுங்க, பிறகு தூக்குங்க.

அந்தக் கருப்பு வண்டி வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க டபுள் ஸ்டாண்டே பின்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்குது. செயின் டைட் வைக்க, பின் பிரேக் கட்டை மாத்த, பெண்டு எடுக்க அது தாராளம். தனியா ஸ்டாண்டு வாங்கற செலவு உங்களுக்கு அவசியம் இல்ல.

[காட்சி: நான்கு வகை ஸ்டாண்டுகள் வரிசையாக.]

கடையில நாலு வகை கிடைக்கும். ரெண்டை வேகமா முடிச்சுடறேன்.

பின் ஆக்ஸில்கிட்ட, அதாவது சக்கரத்தோட அச்சுகிட்ட, ஃபிரேமோட ரெண்டு குழாய்ல கொக்கி மாட்டித் தூக்கற குட்டை ஸ்டாண்டு. இருக்கறதுலயே விலை குறைவு. கடையில சைக்கிளை நிறுத்திக் காட்டறதும் இதுலதான். பின்சக்கரம் மட்டும் ரெண்டு விரற்கடை தூக்கும். செயின் கழுவ, எண்ணெய் விட, பின் கியர் பார்க்கப் போதும். மாசத்துக்கு ஒரு தடவை செயின் துடைக்கறது மட்டும்தான் உங்க வேலைன்னா இதையே வாங்குங்க. டிஸ்க் பிரேக் சைக்கிளா இருந்தா, இடதுபக்கக் கொக்கி காலிப்பர்ல, அதாவது டிஸ்க்கைக் கவ்வற பிரேக் பகுதியில, இடிக்குதான்னு வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

சுவர்ல பொருத்தற கை. இடம் மிச்சம். ஆனா எம்டிபி ஹேண்டில்பார் 72-லருந்து 78 சென்டிமீட்டர் அகலம், அதுல பாதி சுவர்ப் பக்கம் வரும். அதனால கிளாம்ப்போட வாய் சுவரை விட்டு 45 சென்டிமீட்டராவது தள்ளி நிக்கணும். செங்கல் சுவர்லயும் கான்கிரீட் தூண்லயும் ஆங்கர் போல்ட் நல்லா பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவரா இருந்தா இந்த யோசனையை விட்டுடுங்க.

மூணாவது, ரேஸ் அணிகள் பயன்படுத்தற ஆக்ஸில் ஸ்டாண்டு. முன்சக்கரத்தையோ பின்சக்கரத்தையோ கழட்டிட்டு, முன்சக்கரத்தைத் தாங்கற ஃபோர்க்கையோ பின் ஃபிரேமையோ நேரா ஸ்டாண்டுல பூட்டணும். பெடலுக்கு நடுவுல இருக்கற பாட்டம் பிராக்கெட் ஒரு தாங்கு மேல உக்காரும். எந்தக் குழாயையும் கவ்வறது இல்ல. கார்பன் ஃபிரேமுக்கும் ஏரோ போஸ்ட்டுக்கும் இதைவிடப் பத்திரமானது கிடையாது. ஆனா ஆக்ஸில் அளவு பொருந்தணும். லீவரைத் திறந்தா கழலற குயிக் ரிலீஸா, அச்சையே முழுசா உருவி எடுக்கற த்ரூ ஆக்ஸிலா? த்ரூ ஆக்ஸில்னா தடிமனும் அகலமும் மில்லிமீட்டர்ல பாருங்க: முன்னாடி 12-க்கு 100-ஆ, 15-க்கு 100-ஆ, 15-க்கு 110-ஆ? பின்னாடி 12-க்கு 142-ஆ, 148-ஆ? இந்த எண்களை எழுதி எடுத்துட்டுப் போய், அதுக்கான அடாப்டர் பெட்டிக்குள்ள இருக்கான்னு பார்த்து வாங்குங்க. ஸ்பேனர் போட்டுக் கழட்டற நட்டு ஆக்ஸில் சைக்கிளுக்கு இந்த வகை ஒத்து வராது.

[காட்சி: மூன்று கால் கிளாம்ப் ஸ்டாண்டு. கேமரா தலைப்பகுதியை நெருங்குகிறது.]

வீட்டுக்குப் பெரும்பாலும் வாங்கறது நாலாவது வகை, மடக்கற மூணு கால் கிளாம்ப் ஸ்டாண்டு. இதுல எது உடையும், ஏன் உடையும்னு தெரிஞ்சுக்கிட்டா தேர்வு தானா வந்துடும்.

முதல்ல தலை, அதாவது கிளாம்ப் இருக்கற மேல்பகுதி. சீட் போஸ்ட்டைப் பிடிச்சுத் தூக்கினதும் சைக்கிளோட முன்பக்கம் இறங்கப் பார்க்கும். சைக்கிளோட கனம் சேர்ற மையம் சீட் போஸ்ட்டுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் முன்னாடி இருக்கறதுதான் காரணம். 15 கிலோ சைக்கிள்னா, கிளாம்ப்போட தலையைத் திருகற விசை கிட்டத்தட்ட 37 நியூட்டன் மீட்டர். சும்மா தொங்கும்போதே இவ்வளவு. இதைத் தாங்கறது தலைக்குப் பின்னாடி இருக்கற ஒரே ஒரு பூட்டு.

அந்தப் பூட்டு ரெண்டு விதமா வரும். ரெண்டு தட்டை முகம் ஒண்ணோட ஒண்ணு உரசி நிக்கற விதம் ஒண்ணு. பல் பல்லா வெட்டி, பல்லுக்குள்ள பல் உக்காரற விதம் இன்னொண்ணு. கனமான எம்டிபி வச்சிருந்தா பல் வச்சதை வாங்குங்க. உரசல்ல நிக்கறது புதுசுல பிடிக்கும், எண்ணெய் பட்டதும் நழுவ ஆரம்பிக்கும். நழுவுதேன்னு பூட்டைத் திருகற கைக்குமிழை மேல மேல இறுக்குவோம், கடைசியில குமிழோட பிளாஸ்டிக் உள்மரை தேஞ்சு போகும். கடையில தலையைத் தளர்த்தி வெளிய இழுத்து, உள்ள பல் இருக்கா, அது உலோகமான்னு கண்ணால பாருங்க.

[நெருக்கக் காட்சி: தலைப்பூட்டின் பற்கள்.]

ரெண்டாவது, தூணோட உயரத்தை நிறுத்தற காலர். லீவரை மடக்கி இறுக்கற மெல்லிய பிளாஸ்டிக் காலர், பின்னாடி ஆணி இருக்கற இடத்துல விரியும். அலுமினியக் காலரா பாருங்க. கடையில சோதிக்கறது சுலபம்: தூணைப் பாதி உயரத்துல பூட்டிட்டு, கிளாம்ப் மேல ரெண்டு கையையும் வச்சு உங்க பாதி எடையைக் கொடுங்க. ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் வேண்டாம்.

மூணாவது, கால். மையத்துல இருந்து பாதம் வரைக்கும் 50 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். ஒரு காலோட திசையில ஸ்டாண்டு சாயணும்னா கனம் சேர்ற மையம் 50 சென்டிமீட்டரைத் தாண்டணும். ரெண்டு காலுக்கு நடுத்திசையில 25-ஐத் தாண்டினாலே சாஞ்சுடும். அதனால சைக்கிளோட முன்பாதி எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குதோ, அந்தப் பக்கம் ஒரு கால் வர்ற மாதிரி ஸ்டாண்டைத் திருப்பி வைங்க.

இதுல நம்ம ஊர் பால்கனிக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. தண்ணி வடியறதுக்காகத் தரையைச் சாய்வா போட்டிருப்பாங்க, மேல வழவழப்பான டைல்ஸ் வேற. சாய்வோட கீழ்ப்பக்கம் ஒரு காலை வைங்க, அடியில ஒரு ரப்பர் மேட் போடுங்க. இடத்தையும் அளந்துக்கோங்க: சைக்கிள் நீளம் 170-லருந்து 180 சென்டிமீட்டர், காலோட விரிப்பு ஒரு மீட்டர். நாலடி அகல பால்கனியில கைப்பிடிச் சுவருக்கு இணையா வச்சாத்தான் நீங்க பக்கத்துல நிக்க முடியும்.

[திரையில் எழுத்து: மாட்டும் முறை]

மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பெடல், பாட்டம் பிராக்கெட், பின் கேசெட்டை (பின்சக்கரத்துல இருக்கற கியர் பல்சக்கர அடுக்கு) பூட்டி வைக்கற லாக்ரிங் இதெல்லாம் 35-லருந்து 50 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இறுக்கியிருக்கற சமாசாரம். இறுகிப் போய் ஒட்டியிருந்தா இன்னும் அதிக பலம் வேணும். ஸ்டாண்டுல தொங்கவிட்டு இதுங்களை உடைச்சு எடுக்கப் பார்த்தா அந்த பலம் எல்லாம் தலைப்பூட்டு மேல போகும், சீட் போஸ்ட்டும் திருகும். சைக்கிள் தரையில நிக்கும்போதே ஒரு சுத்து தளர்த்திடுங்க. பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், சிலதுக்கு 6 அல்லது 8 ஆலன் கீ. இடதுபக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், கடிகாரம் சுத்தற திசையில திருப்பினாத்தான் கழலும். லாக்ரிங்குக்குச் சக்கரத்தைக் கழட்டித் தரையில வச்சு வேலை பாருங்க.

பிறகு கிளாம்ப் வாயோட ரப்பரையும் சீட் போஸ்ட்டையும் ஈரத்துணியால துடைங்க. ஒரு மணல் துகள் போதும், போஸ்ட் முழுக்கக் கோடு விழும். தண்ணி பாட்டில், பை, லாக் எல்லாத்தையும் இறக்குங்க. கிளாம்ப்பை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வாயைத் திறந்து வச்சுக்கோங்க. செயின் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கணும். சைக்கிளைத் தூக்கி, போஸ்ட்டை வாய்க்குள்ள கொடுத்து, ஒரு கையால மேல் பாரைப் பிடிச்சபடியே இன்னொரு கையால இறுக்குங்க. எவ்வளவு இறுக்கணும்? சீட்டைப் பிடிச்சு லேசா அசைச்சா போஸ்ட் வாய்க்குள்ள சுத்தக்கூடாது, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு திருப்பும் வேண்டாம்.

[காட்சி: முன்சக்கரத்தை வெல்க்ரோ பட்டையால் ஃபிரேமோடு கட்டுவது.]

ஹேண்டில்பார் இப்போ பட்டுனு திரும்பி, முன்சக்கரம் உங்க முழங்கால்ல இடிக்கும். ஒரு வெல்க்ரோ பட்டையால முன் ரிம்மையும் ஃபிரேமோட கீழ்க்குழாயையும் சேர்த்துக் கட்டுங்க. பின்சக்கரத்தைக் கழட்டப் போறீங்கன்னா, கழட்டறதுக்கு முன்னாடி தலைப்பூட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்க. கேசெட், டயர் எல்லாம் சேர்ந்த அந்தக் கனம் பின்னாடி இருந்து போனதும் முன்பக்கம் இன்னும் பலமா கீழ இழுக்கும்.

வேலை முடிஞ்சதும் சீட்டை டேப் ஒட்டின உயரத்துக்கே இறக்கி இறுக்குங்க. கடலோர ஊர்ல இருக்கறவங்க ஸ்டாண்டைப் பால்கனியிலயே விட்டுடாதீங்க. தூண் அலுமினியமா இருந்தாலும் போல்ட், ஆணி, லீவரோட அச்சு எல்லாம் இரும்பு, உப்புக்காத்துல ரெண்டு மழைக்காலத்துல பூட்டிக்கும். அந்த இடங்கள்ல ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. கிளாம்ப் ரப்பர்லயும் தலைப்பூட்டோட பல்லுலயும் மட்டும் எண்ணெய் படாம பார்த்துக்கோங்க.