வாத்து சுடும் துப்பாக்கியும் பிக்சர் டியூப் டிவியும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில், நான் பள்ளியில் படித்த தொண்ணூறுகளில், ஒரு சிறிய வீடியோ கேம் கடை இருந்தது. உயரமான மரப்பெட்டிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் பழைய பெட்டி டிவிகளில் இருந்ததுபோல ஒரு பிக்சர் டியூப் திரை, அதன் கீழே உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழப்பான ஸ்டிக்குகள். ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். நாங்கள் ஆடியது பெரும்பாலும் ‘முஸ்தபா’. ஓர் அமெரிக்கச் சித்திரக்கதையைத் தழுவி ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்பதே அதன் உண்மையான பெயர் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதில் வரும் நான்கு வீரர்களில் ஓடிவந்து பாய்ந்து உதைக்கிற முஸ்தபாவை எங்களுக்குப் பிடித்துப்போனது. அவன் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது.

மூன்று பேர் ஆடினால் பத்துப் பேர் பின்னால் நிற்பார்கள். கையில் காசில்லாத நாட்களில் நானும் அந்தப் பத்துப் பேரில் ஒருவன். “லேய் மக்கா, பின்னால வாறான் பாரு” என்று சொல்லிக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு இருந்தது. ஆடுகிறவனும் அதைக் கேட்டுக்கொள்வான். கூட்டம் முன்னே தள்ளும்போது கண்ணாடிக்கு அருகில் கை போனால் மணிக்கட்டு மயிர் சிலிர்த்து எழுந்து நிற்கும். டியூபின் மின்னூட்டம் செய்யும் வேலை அது. அந்தச் சிலிர்ப்பையும், சூடேறிய தூசியின் மணத்தையும் தவிர்த்து அந்த ஆட்டத்தை என்னால் இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு டிவி கேம் வந்தது 1996இல், மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவின் பெட்டியில், சோப்புக் கட்டிகளுக்கும் சேலைகளுக்கும் நடுவே. தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் என்று எங்கு கேட்டாலும், என் வயதுக்காரர்களில் பலர் இதே போன்ற ஒரு வளைகுடாப் பெட்டியைப் பற்றிச் சொல்வார்கள். நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாம் கருவியின் நகல் அது. ஆட்டம் பதிந்த கேசட் ஓடவில்லை என்றால் அதன் அடிவாயில் ஊதிப் போடுவோம். உண்மையில் மூச்சின் ஈரம் செப்பு முனைகளை அரிக்கத்தான் செய்யும். கேசட்டைக் கழற்றித் திரும்பச் செருகியதுதான் பலன் தந்தது.

அந்தப் பெட்டியில் எனக்கு உயிராக இருந்தது துப்பாக்கி. 1984இல் வந்த ‘டக் ஹன்ட்’ ஆட்டத்தில் புல்லுக்குள்ளிருந்து வாத்து எழும்பிப் பறக்கும். கட்டிலில் அமர்ந்தபடி குறிபார்த்துச் சுட வேண்டும். துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒரு கதிர் டிவிக்குப் பாய்கிறது என்றே நாங்கள் நம்பியிருந்தோம். நடப்பது நேர்மாறானது: துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை, ஒளியை வாங்கிக்கொள்கிறது. விசையை அழுத்தியவுடன் திரை முழுவதும் ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெண்மையைக் கண்டால் வாத்து விழும். கறுத்த கணத்தில் ஒளி தெரியக்கூடாது என்ற சோதனையும் அதில் உண்டு. குறிபார்க்கச் சோம்பல்பட்டு, சுவரிலிருந்த டியூப்லைட்டை நோக்கியே சுட்டுக்கொண்டிருந்த என் அத்தை மகனுக்கு ஒரு வாத்துகூட விழாத காரணம் அதுதான். இத்தனை நுட்பமும் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்து முடிவதால், லேசான ஒரு மின்னலைத் தவிர எங்களுக்கு எதுவும் தென்படவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கருவி கிடைத்தது. புதிய தட்டை டிவியில் இணைத்தேன். படம் வந்தது, பாட்டும் வந்தது, வாத்து மட்டும் விழவே இல்லை. பிக்சர் டியூபில், சமிக்ஞை வரும் அதே நொடியில் மின்கற்றை வரிவரியாகத் திரையை ஒளிரச் செய்கிறது. தட்டைத் திரையோ படத்தை வாங்கி, மாற்றி, சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் வந்து சேர்வதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. அந்தக் காலத்து வீடியோ கேம் ஓவியர்கள் பலரும் டியூபில் புள்ளிகள் லேசாகக் கசிந்து ஒன்றோடொன்று கலப்பதை எண்ணியே அவற்றை வைத்தார்கள். கூர்மையான இன்றைய திரையில் அவை கரடுமுரடான கட்டங்களாகத் தெரிவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆட்டத்தைக் கணினியில் பாதுகாத்து வைத்தாயிற்று என்று சொல்கிறவர்கள், பாதியை மட்டுமே பாதுகாத்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே ஒரு பெட்டி டிவியைத் தேடி அலைந்தேன். கடைசியில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஓர் ஆக்கர் கடையில், துருப்பிடித்த மின்விசிறிகளுக்கு அடியில், 21 அங்குல டிவி ஒன்று கிடைத்தது. எடைக்கு விலை போட்டுக் கொடுத்தார்கள். பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இரண்டு மின்தேக்கிகளை மாற்றித் தந்தார். அன்று மாலை அக்காள் மகள் கட்டிலில் அமர்ந்து, இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள். திரை மின்னியது. “மாமா, விழுந்துட்டு!” என்றாள்.