பட்டாதாரருக்கு மட்டும் போதாது, ஊருக்கே கொடுங்கள்

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் விவசாயப் பகுதிக்கு இழப்பீடு வேண்டும் என்பதில் இரண்டு அணிக்கும் சண்டை இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் வழக்கு. "நிலத்துக்காரருக்குக் கொடுத்தால் போதும், நஷ்டம் அவருக்குத்தானே" என்றார் எனக்கு முன் பேசிய அம்மா. ஊருக்கே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

வீராணத்தை எடுத்துக்கொள்வோம். சோழர் காலத்து ஏரி. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீரில் நிரம்புகிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கு அதுதான் ஆதாரம். 2004 முதல் அங்கிருந்து சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்கும் தண்ணீர் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். வருஷம் முழுக்க அந்த அளவு எடுத்தால் 2.3 டி.எம்.சி. வருகிறது. ஏரியின் முழுக் கொள்ளளவே 1.46 டி.எம்.சி.தான்! 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதும் வீராணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. தாகத்துக்குக் கேட்பவரிடம் இல்லையென்று சொல்கிற ஊர் இல்லை அது.

சரி, தண்ணீர் குறைந்த வருஷத்தில் அங்கே என்ன நடக்கும்? குடிநீருக்கு முதலிடம் என்பது அரசின் கொள்கை. மதகு திறப்பது தள்ளிப்போகும். நாற்று விட நேரமில்லை என்று நிலத்துக்காரர் நேரடி விதைப்புக்குப் போய்விடுவார். விளைச்சல் முன்னே பின்னே இருந்தாலும் அவர் கையில் நெல் வந்துவிடும். நாற்றுப் பறித்து, கட்டு கட்டி, சேற்றில் குனிந்து நட்டுக் கூலி வாங்கும் பெண்களுக்கு? அறுப்பை ஏற்கெனவே மெஷின் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்தது நடவும் களையும்தான். நடவும் போனால் சம்பாவில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? நீங்கள் சொல்லும் இழப்பீட்டுக் கணக்கில் அந்தப் பெண்ணின் பெயர் எந்த வரியில் வரும், அம்மா? சிட்டாவில் அவர் பெயர் இல்லை. குத்தகைக்கு உழுகிறவர் பெயரும் அதில் இருக்காது. டிராக்டர் வாடகைக்கு விடுபவர், உரக்கடைக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் அந்த வயலை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

திருவள்ளூர்ப் பக்கம் இன்னும் வெளிச்சமாகவே நடந்தது. சென்னையின் பஞ்ச காலங்களில் அங்குள்ள விவசாயிகளின் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியது. எதிரணி கேட்கும் ஏற்பாடு இதுதான்: கிணற்றுக்காரருக்குப் பணம். பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று ஆனபோது நிலம் தரிசாகக் கிடந்தது, கூலிக்காரருக்கு வேலை போனது. நிலத்தடி நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. ஒருவர் மோட்டார் போட்டால் பக்கத்துக் கிணற்றில் மட்டம் இறங்கும். விற்றவருக்குக் காசு, விற்காதவருக்கு நஷ்டம். இதை இழப்பீடு என்று என்னால் சொல்ல முடியவில்லை, நடுவர் அவர்களே.

"ஊருக்கு என்று கொடுத்தால் பணம் எங்கே போகுமென்று தெரியாது" என்றும் சொன்னார்கள். நியாயமான பயம். ஆனால் வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் பாலோ வெர்டே பள்ளத்தாக்கு விவசாயிகளோடு தெற்கு கலிபோர்னியாவின் நகரக் குடிநீர் வாரியம் 35 வருஷ ஒப்பந்தம் போட்டது. நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாக விடுவதற்கு விவசாயிக்குத் தனியாகப் பணம். அதோடு நிற்கவில்லை. வேலையும் வியாபாரமும் குறையும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த ஊர் மக்களுக்கென்று 60 லட்சம் டாலர் நிதியையும் ஒதுக்கினார்கள். அது போதுமா என்று விவாதிக்கலாம். ஆனால் நிலமில்லாதவருக்கும் நஷ்டம் உண்டு என்பது அங்கே காகிதத்தில் ஏறிவிட்டது. இங்கே இன்னும் ஏறவில்லை.

எவ்வளவு செலவாகும் என்பீர்கள். வீராணத்திலிருந்து போகும் ஆயிரம் லிட்டருக்கு 1 ரூபாய் என்று வையுங்கள். சென்னைக் குடும்பத்துக்கு 20 லிட்டர் கேன் அளவுக்கு 2 பைசா. முழு அளவில் எடுத்தால் நாளைக்கு 1.8 லட்சம் ரூபாய், வருஷத்துக்கு ஆறரைக் கோடிக்கு மேல். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். கணக்கைக் கிராம சபையில் வாசியுங்கள். அதைப் பார்க்கும் குழுவில் பாசன விவசாயியோடு குத்தகைக்காரரும் நடவுப் பெண்களும் உட்காரட்டும். நடவு இல்லாத வருஷத்தில் முதல் பங்கு கூலிக்காரருக்கு, அடுத்தது கடைமடைக்காரருக்கு. மதகு நேரத்துக்குத் திறந்த வருஷத்தில் அதே பணத்தில் ஏரியையும் வாய்க்காலையும் தூர்வாரலாம். ஏரி ஆழமானால் சென்னைக்கும் அது லாபம்தான்.

பட்டாதாரருக்குச் சேர வேண்டியதைத் தர வேண்டாம் என்று எங்கள் அணியில் ஒருவரும் சொல்லவில்லை. அவரோடு மற்றவர்களையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம். தீர்ப்பு சொல்லும்போது இதைக் கருத்தில் கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.