உள்பக்கத்துப் பேட்

நேயர்களுக்கு வணக்கம். அணைக்கட்டு பக்கத்திலிருந்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் காய்கறி மூட்டை ஏற்றி வரும் பிக்கப் வண்டிகளில் ஒன்று என்னுடையது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நானே விளைவித்ததைப் போலச் சந்தோஷப்பட்டேன். சுமந்து வருகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு இல்லையா? அந்த வண்டியின் முன் பிரேக் பேடை, அதாவது பிரேக் பிடிக்கும்போது தேய்கிற கட்டையை, வீட்டு வாசலில் நானே மாற்றிக்கொள்வதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இதை நான் கற்றுக்கொள்ளக் காரணம் ஒரு பலாப்பழ லோடு. ஏலகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் முன் இடது சக்கரத்தில் இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம். மெல்ல மெல்லப் பொன்னேரிக்கு வந்து ஓரம் கட்டினால், சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு. பத்து நாளுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் பிரேக்கைக் காட்டியிருந்தேன். அவர் சக்கரத்தைக் கழற்றவில்லை. ரிம் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் பாதி இருக்குது, ஓட்டு” என்றார். அவர் சொன்னது உண்மைதான். பாதி இருந்தது, வெளிப்பக்கத்துப் பேடில். உள்பக்கத்துப் பேட் தகடு வரைக்கும் தேய்ந்துபோயிருந்தது.

அது ஏன் அப்படி ஆகிறது என்று சொல்கிறேன். நம் சின்ன லோடு வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. டிஸ்க்கை இரண்டு பக்கமும் இரண்டு பேட் கவ்விப் பிடிக்கும். ஆனால் அழுத்துகிற பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அது உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும்போது, பேடுகளைத் தாங்கி நிற்கும் கவ்வியான காலிப்பர் முழுவதும், பின்கள் என்கிற இரண்டு வழுக்குக் கம்பிகள் மேல் நழுவி, வெளிப்பேடையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கும். அந்தப் பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. மொத்த வேலையும் உள்பேட் தலையில் விழும். பாலாற்று மணல் தூசியிலும் மழை நாளில் தரைப்பாலத்துத் தண்ணீரிலும் ஓடுகிற வண்டிக்கு, பின் இறுகுவது பெரிய அதிசயமே இல்லை. புதுப் பேடை மட்டும் போட்டுவிட்டுப் பின்னைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் அதே போலத்தான் தேயும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ கொண்டுபோகவே கூடாது. சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். எது எங்கே இருந்தது என்று குழம்பினால், கழற்றாத பக்கம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கமும் பேட் மாற்றியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம்.

காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பல வண்டிகளில் பேட் வெளியே வந்துவிடும். முழுதாகக் கழற்ற வேண்டியிருந்தால், காலிப்பரை பிரேக் ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயில்) தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டுங்கள். உள்ளே கறுப்பாக இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய பேடுகள் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலுக்குப் போகக் கூடாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பிரேக் கிளீனரோ ஈரத்துணியோ வைத்துத் துடையுங்கள்.

அடுத்து அந்த இரண்டு பின்கள். வெளியே இழுத்து, துருவைத் தேய்த்து எடுத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸைத் தடவுங்கள். வீல் பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பி மறுபடியும் இறுகிவிடும். விரலால் தள்ளினால் பின் சும்மா வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பேட் மாற்றுவது அரை மணி நேர வேலை. பின்னுக்கு நான் இன்னொரு அரை மணி நேரம் கொடுக்கிறேன்.

புதுப் பேட் தடிமனாக இருக்கும், அதனால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். அப்போது பிரேக் ஆயில் டப்பாவில் எண்ணெய் மேலே ஏறும். வழிந்தால் பெயிண்ட்டை அரித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டனைச் சுற்றி எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, டிஸ்க்கின் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும் அளவுக்குக் கீழே போயிருந்தாலோ, அது வாசலில் முடிகிற வேலை இல்லை. நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. சாவி போட்டுக் கிளம்பாதீர்கள்! முதல் மிதிக்கு பெடல் தரை வரைக்கும் போகும். உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்பி வந்து பேடைத் தொட வேண்டும். பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்துவிட்டு வண்டியை நகர்த்தியவர்கள் எதிர்ச் சுவரில்தான் நின்றிருக்கிறார்கள். பிறகு காலியான ரோட்டில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரைக்கும் நிதானமாகக் குறைத்துக் குறைத்து எட்டுப் பத்து முறை ஓட்டுங்கள். நடுவில் ஆறவும் விடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்று டன் வண்டி 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, இன்ஜின் துணை இல்லாமல் மொத்த வேகத்தையும் பிரேக்கே தடுத்தால், அதில் பிறக்கும் சூட்டில் சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஆம்பூரில் ஒரு கல்யாண பிரியாணி அண்டாவுக்கு உலை வைக்கிற அளவு! அந்தச் சூடு பிரேக் ஆயிலைக் கொதிக்க வைத்தால், பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். எங்கள் நைனா லாரி ஓட்டியவர். “எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு” என்பார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், இழுத்தால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுங்கள்.

புதுப் பேட் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, பலா சீசனுக்கு முன்னால் ஒரு முறை நான் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கத்தையும் அளந்து பார்க்கிறேன். போன வாரம் பார்த்தபோது நான்கு பேடும் ஒரே கனம், ஏழு மில்லிமீட்டர். வணக்கம்.