13 நிமிட ஆட்டமும் ஆறரை ஆண்டுக் காத்திருப்பும்

அனைவருக்கும் வணக்கம். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "இரண்டு நாட்டுக் குடியுரிமை உள்ள கால்பந்து வீரர், ஒரு நாட்டின் அணிக்கு ஆடிவிட்டு, பிறகு மற்ற நாட்டின் அணிக்கு ஆட முடியுமா? ஸ்பெயினுக்கு ஒரு கோலும் அடிக்காத முனிர் எல் ஹத்தாதியை மொராக்கோவுக்கு மாற விடாமல் தடுத்தார்கள். கோல் அடித்த பிராஹிம் தியாஸை எப்படி விட்டார்கள்?"

எத்தனை கோல் அடித்தார் என்பதை விதி பார்ப்பதில்லை. எந்த வகை ஆட்டத்தில் ஆடினார் என்பதைத்தான் பார்க்கிறது. அது முனிரை எந்த அளவுக்குப் பாதித்தது என்பதைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்வது சரியாக இருக்காது என்பதால், அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

முனிர் 1995 செப்டம்பர் 1 அன்று மாட்ரிட் நகருக்கு அருகே, மொராக்கோ வேர்களைக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். பார்சிலோனாவின் இளையோர் அணியில் வளர்ந்தார். 2014 ஏப்ரலில் நடந்த ஐரோப்பிய இளையோர் லீக் இறுதிப் போட்டியில் பென்ஃபிகா அணிக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். அவற்றில் ஒன்று ஏறக்குறைய மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து அடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று பார்சிலோனாவின் முதன்மை அணிக்காக லீக் ஆட்டத்தில் முதன்முறையாகக் களமிறங்கி, எல்சே அணிக்கு எதிராகக் கோல் அடித்தார். அதன் பிறகு இரண்டே வாரத்தில் ஸ்பெயின் தேசிய அணியின் அழைப்பு வந்தது. அணியின் முன்கள வீரர் டியேகோ கோஸ்டா காயமடைந்ததால் ஓர் இடம் காலியாகியிருந்தது.

2014 செப்டம்பர் 8, வலென்சியா நகரம், மாசிடோனியாவுக்கு எதிராக, ஐரோப்பிய நாடுகளின் கோப்பைத் தொடரான யூரோ 2016இன் தகுதிச் சுற்று ஆட்டம். ஸ்பெயின் 4-1 என்று முன்னிலையில் இருக்கிறது. 77ஆவது நிமிடத்தில் கோக்கே வெளியே வர, ஒரு வாரத்துக்கு முன்புதான் 19 வயது நிரம்பிய முனிரைப் பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கே உள்ளே அனுப்புகிறார். மீதமிருந்தவை 13 நிமிடங்களும் காயத்துக்காகக் கூட்டப்படும் நேரமும்தான். ஆட்டம் 5-1 என்று முடிந்தது. அதற்குப் பிறகு ஸ்பெயினின் முதன்மை அணிக்காக அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் அன்றைய விதிப்படி, முதன்மை தேசிய அணிக்காக ஓர் அதிகாரபூர்வப் போட்டியில் ஒரு நிமிடம் ஆடிவிட்டாலும் அந்த வீரர் வாழ்நாள் முழுவதும் அந்த நாட்டுக்கே உரியவர். உலகக் கோப்பை, யூரோ, ஆப்பிரிக்கக் கோப்பை ஆகியவற்றுடன் அவற்றின் தகுதிச் சுற்றுகளும் இந்தக் கணக்கில் வரும். நட்புறவு ஆட்டங்கள் வராது. மாசிடோனியா ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு பாரிஸ் அருகே பிரான்ஸுக்கு எதிராக ஸ்பெயின் ஆடியது நட்புறவு ஆட்டம். அதே 13 நிமிடங்களை முனிர் அந்த ஆட்டத்தில் ஆடியிருந்தால் அவரை இந்த விதி கட்டிப்போட்டிருக்காது. அவர் யாருடைய இடத்துக்கு வந்தாரோ அந்த டியேகோ கோஸ்டாவே 2013இல் பிரேசிலுக்காக இரண்டு நட்புறவு ஆட்டங்கள் ஆடிவிட்டு ஸ்பெயினுக்கு மாறியவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நாட்டின் குடியுரிமை கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா இந்திய அணிக்கு ஆடுவதற்காக ஜப்பானியக் குடியுரிமையையே விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

இப்போது மீண்டும் முனிரிடம் வருவோம். 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ தகுதி பெற்றபோது அந்த அணிக்கு ஆட அவர் விரும்பினார். ஃபிஃபா மறுத்தது. மொராக்கோ சம்மேளனமும் அவரும் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 2018 மே மாதத்தில் அங்கும் மனு தள்ளுபடியானது. அந்த உலகக் கோப்பையில் மொராக்கோவும் ஸ்பெயினும் ஒரே பிரிவில் மோதி 2-2 என்று சமன் செய்தன. முனிர் இரண்டு அணிகளிலும் இல்லை.

2020 செப்டம்பரில் ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. அதன்படி, முதன்மை அணிக்காக எந்த வகையிலும் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, 21 வயது நிரம்பிய பின் அந்த நாட்டுக்காக அதிகாரபூர்வ ஆட்டம் எதிலும் ஆடியிருக்கக் கூடாது, முதன்மை அணிக்கான கடைசி ஆட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், உலகக் கோப்பை போன்ற பெருந்தொடரின் இறுதிச் சுற்றில் கலந்துகொண்டிருக்கக் கூடாது. இதை வாசித்த பலரும், நானும்தான், முனிரின் பிரச்சினை தீர்ந்தது என்றே எண்ணினோம். ஆனால் மீண்டும் மறுப்பே வந்தது. 21 வயது நிரம்பிய பின்னர் ஸ்பெயினின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு அவர் ஆடியிருந்தார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அணிக்கான வயது, தொடரின் தகுதிச் சுற்று தொடங்கும் காலத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே தொடர் முடிவதற்குள் பல வீரர்கள் 21ஐக் கடந்துவிடுவது இயல்புதான். 2020 நவம்பரில் நடுவர் நீதிமன்றமும் அந்த மறுப்பை உறுதி செய்தது. கடைசியில் 2021 ஜனவரியில்தான் ஃபிஃபா அனுமதி வழங்கியது.

ஒரு நாட்டுக்கு ஆடிப் புகழ் பெற்ற வீரரை இன்னொரு நாடு விலைக்கு வாங்கிக்கொள்வதைத் தடுக்கவே இப்படிப்பட்ட விதி தேவைப்பட்டது. ஹங்கேரியின் புஷ்காஷ் 1962 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு ஆடிய காலமெல்லாம் உண்டு. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், முடிவு தெரிந்துவிட்ட ஓர் ஆட்டத்தின் கடைசி 13 நிமிடங்களுக்காக, பிறப்பிலேயே இரண்டு நாட்டோடும் உறவுள்ள 19 வயது இளைஞரை அதே விதியால் ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தியது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பிராஹிம் தியாஸ் மலகாவில் பிறந்தவர். 2021 ஜூனில், கொரோனா தொற்றால் ஸ்பெயினின் முதன்மை வீரர்கள் தனிமைப்படுத்தப்பட்டிருந்தபோது, இளைய வீரர்களைக் கொண்டு லிதுவேனியாவுக்கு எதிரான ஆட்டம் நடத்தப்பட்டது. அதில் அவர் கோலும் அடித்தார். ஆனால் அது நட்புறவு ஆட்டம். அதனால்தான் 2024 மார்ச்சில் மொராக்கோ அணிக்கு ஆட அவருக்குத் தடை இருக்கவில்லை.

முனிர் 2021 மார்ச் இறுதியில், அதாவது ஆறரை ஆண்டுகள் கழித்து, மௌரித்தானியாவுக்கு எதிராக மொராக்கோ அணிக்காகக் களமிறங்கினார். அடுத்த ஆட்டத்திலேயே புருண்டிக்கு எதிராகக் கோல் அடித்து 1-0 வெற்றியைத் தேடித் தந்தார். 2022 டிசம்பர் 6 அன்று கத்தார் உலகக் கோப்பையில் மொராக்கோ பெனால்டி ஷூட்-அவுட்டில் ஸ்பெயினை வீழ்த்தியது. வெற்றிக்கான கடைசி உதையை, மாட்ரிடில் பிறந்து தொடக்கத்திலேயே மொராக்கோவைத் தேர்ந்தெடுத்த அஷ்ரஃப் ஹக்கிமி எடுத்தார். கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்தை மெல்லத் தூக்கி நடுவில் போட்டார். மொராக்கோ அழைத்துச் சென்ற 26 வீரர்களில் 14 பேர் அந்நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். அப்போது 27 வயதான முனிருக்கு அந்த 26 பேரில் இடம் கிடைக்கவில்லை.