குதிகால் வலியும் காலையில் வைக்கும் முதல் அடியும்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தேக்காவில் சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை. காலையில் எழுந்து காலைத் தரையில் வைத்ததும் குதிகாலில் ஆணி குத்துவது போல வலிக்கிறதாம். எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருப்பது தெரிந்ததாம். "அதை எடுத்தால்தான் வலி போகுமா? அதுவரை என்ன எண்ணெய் தேய்க்கலாம்?"

எண்ணெய் எதுவானாலும் தேய்த்துக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும், அவ்வளவுதான். முள்ளை விட்டுவிடுங்கள். வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அந்த முள் தெரியும்.

அக்கா, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. முதல் அடிக்கு உயிர் போகிறது, கொஞ்சம் நடந்ததும் குறைகிறது, அது ஏன்? குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. தூங்கும்போது அதுவும் கெண்டைக்காலும் இறுகிக் கிடக்கும். எழுந்த எழுப்பில் உடம்பின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கினால் சுள்ளென்று இழுக்கும்.

முழங்கால் வலி பற்றிப் பேசியபோதே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: கட்டிலைவிட்டு இறங்குமுன் காலைத் தயார் செய்யுங்கள். உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை அடுத்த தொடைமேல் போட்டு, கால்விரல்களைப் பிடித்துக் கணுக்கால் பக்கமாக மேலே வளையுங்கள். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை விறைத்து நிற்பது தட்டுப்படும். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை, நாளுக்கு 3 வேளை. "அவசரமாகக் கழிப்பறைக்குப் போகணுமே?" என்று போன மாதம் ஓர் அண்ணன் கேட்டார். சரி, 5 தடவையாவது செய்துவிட்டு ஓடுங்கள்!

அப்புறம் செருப்பு. நம் வீடுகளில் வாசலிலேயே கழற்றிவிட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்கிறோம். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள் என்று என் மாமியாரிடம் சொன்னபோது, "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று ஒரே முறைப்பு. வாசற்படியைத் தாண்டாத புது ஜோடி ஒன்றை வாங்கிக் கொடுத்த பிறகுதான் இறங்கிவந்தார். அதையும் சாமி அறைக்கு வெளியே கழற்றி ஒழுங்காக வைத்துவிடுவார்.

வலி கொஞ்சம் அடங்கியதும் பலம் ஏற்ற வேண்டும். அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஆற மாதக்கணக்கில் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பாதத்துக்கு அடியில் உருட்டலாம். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்கள் இந்தப் பாட்டில் பக்கமே போகாதீர்கள். மரத்துப்போவது, வீக்கம், சும்மா படுத்திருக்கும்போதும் வலி என்று இருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அக்கா, கடையில் என்ன செருப்பு போட்டு நிற்கிறீர்கள் என்று எழுதவில்லையே. தட்டையான ரப்பர் செருப்பு என்றுதான் நினைக்கிறேன். கீழே கருத்தில் எழுதுங்கள்.